கலுங்கு இல்லாத ஏரி

சினிமா ஸ்டூடியோக்கள் நிறைந்த டாலிகஞ்சில் கேரவன் வண்டி ஒரு அதிசயமல்ல. நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் அந்த வண்டிகள் தெருவோரம் நிற்பதைப் பார்த்தபடிதான் நாங்கள் காய்கறி வாங்கப் போகிறோம். அதைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி தாதாவுக்கு (இங்கே தாதா என்றால் அண்ணன், வேறு அர்த்தம் வேண்டாம்) இந்தக் கோடையில் ஒரு யோசனை உதித்தது. கேரவன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தோடு லடாக்கின் பாங்காங் ஏரிக்குப் போவது. "படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டியிலேயே இருக்கிறது. கரையில் நிறுத்திவிட்டால் கதவைத் திறந்ததும் காலடியில் ஏரி" என்றார்.

"கழிப்பறைத் தொட்டி நிறைந்தால் எங்கே காலி செய்வீர்கள், தாதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பௌதிதான் உள்ளேயிருந்து சிரித்தார்.

சிரிப்புக்குரிய கேள்வி அல்ல இது. நம் ஊர் ஏரிக்கு மதகு உண்டு, கலுங்கு உண்டு. மழை மிகுந்தால் உபரி நீர் கலுங்கு வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அழுக்கும் அதோடு கொஞ்சம் போகும். பாங்காங்குக்கு அப்படி ஒரு வழி கிடையாது. சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், மொட்டை மலைகளுக்கு நடுவே 130 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது அந்த ஏரி. இந்தியாவில் தொடங்கித் திபெத்துக்குள் போய்விடுகிறது. பனி உருகிய நீர் உள்ளே வருகிறது. வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போகிறது. வேறு போக்கிடம் இல்லாததால்தான் நீரில் உப்பு சேர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வந்த உப்பு வெளியே போகவில்லை என்றால், போன வாரம் கரையில் கொட்டிய சோப்புத் தண்ணீர் மட்டும் எங்கே போகும்?

கடுங்குளிரில் கழிவு மக்குவதும் மெதுவாகத்தான். லடாக்கியர்களுக்கு இது தெரியும். அவர்களுடைய பரம்பரைக் கழிப்பறையில் தண்ணீருக்கு வேலையே இல்லை. மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, மக்கிய பின் வயலுக்கு எருவாக அள்ளுவார்கள். தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது விருந்தாளிகளான நாம்தான்.

விருந்தாளிகளின் எண்ணிக்கையும் கொஞ்சமல்ல. 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை சுமார் 2.74 லட்சம். 2022-ல் அங்கே போன பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். 2009-ல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சியை பாங்காங் கரையில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு, அந்த நீலத் தண்ணீர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவது பாவம் என்றாகிவிட்டது. 2022 ஏப்ரலில் சிலர் காரையே ஏரித் தண்ணீருக்குள் ஓட்டி, அதைப் படமும் பிடித்து வெளியிட்டார்கள். நாடே திட்டித் தீர்த்தது. ஆனால் டயரில் ஒட்டிய எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது. கூடாரத்துக்குப் பின்னால் தோண்டிய குழி தெரிவதில்லை.

கேரவன் மீது எனக்கு விரோதம் இல்லை. அதில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று மூன்று இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வண்டிகள் தங்கும் இடங்களில் மின்சாரமும் குடிநீரும் தருவார்கள். அழுக்குத் தொட்டியைக் காலி செய்ய முறையான இடமும் இருக்கும். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2010-ல் கேரவன் கொள்கை வகுத்தபோது, வண்டியோடு 'கேரவன் பூங்கா'வையும் சேர்த்தே பேசியது. 2021-ல் கேரளமும் அப்படித்தான் செய்தது. பூங்கா இல்லாத கேரவன், சாக்கடை இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சமம். வீடு ஓடுகிறது என்பதால் அதன் கழிவு காணாமல் போய்விடாது.

அதற்காக யாரும் போகவே கூடாது என்பது நகரத்துக்காரனின் சுலபப் பேச்சு. ஸ்பாங்மிக், மான், மெராக் போன்ற கரையோரக் கிராமங்களில் கால்நடையும் கொஞ்சம் பார்லியும்தான் ஆதாரம். நாலைந்து மாதங்கள் வரும் பயணிகளால் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் பிழைக்கிறது. அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கே தங்குவது என்று தீர்மானிக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது.

இமாசலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரி இதற்கு வழி காட்டுகிறது. 2005-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அந்தச் சின்ன ஏரியின் கரையில் ஒரு காலத்தில் கூடாரம் அடித்தார்கள். இப்போது கூடாது. கூடாரங்கள் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கின்றன. வண்டியும் கரை வரை போகாது. கடைசித் தூரம் நடைதான். இதனால் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் 250-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடாரங்களில் நாள்கணக்கில் சிக்கி, சாலையில் பனியை வெட்டி அகற்றிய பிறகே மீட்கப்பட்டார்கள். ஜூலையிலும் பனி கொட்டும் ஊர் அது. அங்கே இயற்கை நம்மிடம் கேட்டுவிட்டு எதையும் செய்வதில்லை.

எங்கள் பேட்டையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. காலையில் நாங்கள் நடக்கப் போகும் ரவீந்திர சரோவர், 1920-களில் வெட்டிய ஏரி. சாத் பூஜையை அங்கே நடத்தத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தும், 2019-ல் கதவுப் பூட்டை உடைத்துக்கொண்டு கூட்டம் நுழைந்தது. மறு ஆண்டு கதவுகளை உறுதியாக அடைத்துவிட்டு, வேறு இடங்களில் தற்காலிகப் படித்துறைகள் அமைத்தார்கள். பூஜை நின்றுவிடவில்லை, ஏரியும் தப்பியது. தடை மட்டும் போதாது. தள்ளி நிற்க ஒரு இடமும் காட்ட வேண்டும்.

தள்ளி நிற்பது தமிழனுக்குப் புதிதல்ல. லடாக்கின் ஏரிக்கரைகளிலும் திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகிறது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. யாரோ வந்து சட்டம் பேசி அவர்களை மாற்றவில்லை. விருந்தாளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே வாத்தின் பிறந்த வீட்டுக்கு நாம் விருந்தாளியாகப் போகும்போது, அந்த மரியாதையில் பாதியாவது வேண்டாமா?

இதையெல்லாம் தாதாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு தவணை தேநீர் ஆயிற்று. தரைமட்டத்தை ஒட்டிய டாலிகஞ்சிலிருந்து போகிறவர்கள், 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லே நகரில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்கிய பிறகே மேலே ஏற வேண்டும். பாங்காங்கில் காற்றின் அழுத்தம் இங்கிருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். தலைவலியும் வாந்தியும் மூச்சுத்திணறலும் வந்தால், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கரையில் படுத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும்.

நேற்று மாடிப்படியில் பார்த்தபோது தாதாவே பேச்செடுத்தார். கேரவன் யோசனையைக் கைவிட்டாயிற்றாம். கரையை விட்டுத் தள்ளி, கிராமத்துக்குள் ஒரு வீட்டில் அறை. சாம்பல் போடும் கழிப்பறை. பௌதிக்குத்தான் அது கொஞ்சம் யோசனையாக இருக்கிறதாம்.

"ஏரி காலடியில் இருக்காது. ஜன்னலில் தெரியும் என்கிறார்கள்" என்றார்.

தெரிந்தால் போதும், தாதா.