டொக்டர் நல்லவர்தான், ஒபிஸை நடத்த யார் சொல்லிக் கொடுத்தது?

நமது பகுதிக்குப் புதிய எம்.ஓ.எச். ஒருவர் வருகிறார் என்றால் நாம் கேட்பது மூன்று கேள்விகள். எந்த ஊர் ஆள்? தமிழ் தெரியுமா? நல்ல டொக்டரா? மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் ஓர் அலுவலகத்தை நடத்த, ஆட்களை வேலை வாங்க, ஊரோடு பேச அவருக்கு யாராவது பழக்கிவிட்டார்களா என்று நாம் கேட்பதில்லை. நம்முடைய பிள்ளைகளின் விடயத்தில் அந்தக் கேள்விதான் பெரியது என்பது ஆசிரியர்களான எங்களுடைய அபிப்பிராயம்.

சுகாதார வைத்திய அதிகாரியின் வேலை ஸ்டெதஸ்கோப் வைத்து நோயாளி பார்ப்பதோடு முடிவதில்லை. 60,000, 80,000 பேர், சில இடங்களில் அதற்கும் கூடிய மக்களின் சுகாதாரம் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே குடும்ப நல உத்தியோகத்தர்கள் (நமது உம்மாமார் இன்றைக்கும் "மிட்வைஃப் மிஸ்" என்றுதான் சொல்வார்கள்), பீ.எச்.ஐ.மார், தாதி, எழுதுவினைஞர், சாரதி, புகையடிக்கும் ஊழியர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இரவில் கரண்ட் போனால் தடுப்பூசி வைத்திருக்கும் பிரிட்ஜுக்கு என்ன செய்வது? ஒரு மிட்வைஃப் பிரசவ லீவில் போனால் அவருடைய பகுதிக் கர்ப்பிணிகளை யார் பார்ப்பது? அழுக்கான சாப்பாட்டுக் கடைக்கு வழக்குப் போட்ட பீ.எச்.ஐ.க்கு மேலிருந்து போன் வந்தால் அவருக்குப் பின்னால் யார் நிற்பது? இவையெல்லாம் எம்.ஓ.எச். தீர்க்க வேண்டியவை. மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் படித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி செய்து வரும் ஒருவர் இவற்றை எங்கே பழகியிருப்பார்?

இந்த முறை நமது நாட்டுக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு பகுதிக்கு ஒரு வைத்தியர், நோய் வந்த பிறகு மட்டுமல்ல, வருமுன்னரும் அந்த மக்களுக்குப் பொறுப்பு என்பதுதான் அதன் யோசனை. அந்த அத்திவாரத்தில் நின்றுதான் வீடுவீடாக மிட்வைஃப் போனார்கள், தாய் சேய் மரணம் குறைந்தது, 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றிதழும் தந்தது. களுத்துறையில் இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, அங்கே சேவைக்காலப் பயிற்சிகளும் நடக்கின்றன. கொழும்பில் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் வைத்திய நிர்வாகத்திற்கு முதுமாணிப் படிப்பும் உண்டு. ஆனால் அந்தப் படிப்பு பெரிய ஆஸ்பத்திரிப் பணிப்பாளராகவும் மாகாண, பிராந்தியப் பணிப்பாளராகவும் போகிறவர்களின் பாதை. தூரப் பிரதேசமொன்றுக்கு நியமனம் பெற்று வரும் இளம் டொக்டர் பெரும்பாலும் வேலையில் விழுந்து எழும்பித்தான் பழகுகிறார். அவர் பழகி முடிக்கும்போது இடமாற்றம் வந்துவிடுகிறது.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குப் பாடசாலையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பீ.வீ. தடுப்பூசி போடப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. ஒரு வருடம் சம்மதக் கடிதம் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்பப்பட்டது. வாசித்தால் விளங்காத தமிழ். அதே வாரம் பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று சுற்றியது. கையெழுத்தில்லாத கடிதங்கள் கட்டாகத் திரும்பி வந்தன. ஊசி போட வந்தவர்கள் பட்டியலில் "மறுப்பு" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய வேலை அத்தோடு முடிந்தது.

பிறகு வந்த அதிகாரி வேறு மாதிரி. ஊசிக்கு முன்னர் அதிபரிடம் நேரம் கேட்டு, உம்மாமாரை மட்டும் கூப்பிட்டு, ஒரு பெண் டொக்டரையும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மிட்வைஃபையும் முன்னால் இருத்தினார். பிள்ளைப்பேறு சம்பந்தமான கேள்வியை அவரே முதலில் எடுத்தார். இரண்டு மௌலவிமாரோடும் முன்கூட்டியே பேசியிருந்தார். அந்த வருடம் எங்களுக்குக் கடிதம் கேட்டு அலைய வேண்டி வரவில்லை. இரண்டு வருடமும் ஊசி ஒன்றுதான், பிரிட்ஜும் ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான். நடத்திய ஆள்தான் வேறு. அந்த இரண்டாமவர் அப்படியே பிறந்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. அவர் செய்த ஒவ்வொன்றும் சொல்லிக் கொடுக்கக்கூடியது. முதல் வருடம் கையெழுத்துக் கிடைக்காத பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால்தான் எங்களுக்கு மனது கேட்பதில்லை.

கொவிட் காலத்தையும் மறக்க முடியாது. 2020 ஏப்ரலில் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இருந்தும் 2021 பெப்ரவரி வரை அது மாறவில்லை. அதன் பிறகும் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த முடிவை எடுத்தது நமது பிரதேச அதிகாரிகள் அல்ல. ஆனால் வாசலில் வந்து நின்றது அவர்கள்தான். பயத்தில் ஆட்கள் காய்ச்சலை மறைத்தார்கள். மேலிருந்து வந்த அநியாயமான கட்டளைக்கும் கீழே உடைந்துபோன மனதுக்கும் நடுவில் நின்று, மக்களின் நம்பிக்கையைக் காப்பாற்றிய அதிகாரிகளும் இருந்தார்கள். பொலிஸைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். இப்படியான நேரத்தில் என்ன செய்வது என்பது எந்த மருந்துப் புத்தகத்திலும் இல்லை.

"ஆளும் இல்லை, மருந்தும் இல்லை, இதற்குள் தலைமைத்துவப் பயிற்சியா?" என்று கேட்பார்கள். 2022இற்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது நமக்கும் தெரியும். ஆள் குறைந்திருக்கிறபோதுதான் இருக்கிற ஆட்களைச் சரியாகப் பிரித்து வேலை வாங்கத் தெரிய வேண்டும். டெங்குக் காலத்தைப் பாருங்கள். 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பாடசாலை, பள்ளிவாசல், பிரதேச சபை மூன்றையும் ஒரே மேசையில் இருத்தி, யார் எந்த வடிகானைப் பார்ப்பது என்று எழுதி எடுத்த அதிகாரிக்கு, தண்டப் பத்திரத்தோடு மட்டும் சுற்றியவரை விட அதிகமாக நுளம்பு குறைந்திருக்கும்.

ஆனால் பயிற்சி என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் சரி என்று நாங்கள் சொல்லவில்லை. செயலமர்வு எப்படி நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியாதா? ஹோட்டலில் இரண்டு நாள், பைல் ஒன்று, பேனை ஒன்று, பகல் சாப்பாடு, குழுப் போட்டோ, சான்றிதழ். அடுத்த திங்கட்கிழமை எல்லாம் பழையபடி. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு 2 வருடம் படிப்பித்து, பிறகு 1 வருடம் பாடசாலையில் மூத்த ஆசிரியரின் கண்ணுக்கு முன்னால் படிப்பிக்க வைத்துத்தான் வகுப்பை ஒப்படைத்தார்கள். 40 பிள்ளைகளுக்கே அப்படியென்றால் 80,000 பேருக்கு எப்படி இருக்க வேண்டும்? புதிதாக வருபவர் அனுபவமுள்ள எம்.ஓ.எச். ஒருவரோடு சில மாதங்கள் இருந்து, மாதாந்தக் கூட்டம் நடத்துவதையும், கணக்குப் பார்ப்பதையும், முறைப்பாடு கேட்பதையும் பக்கத்தில் இருந்து பழக வேண்டும். மிட்வைஃப்மாருக்கும் பீ.எச்.ஐ.மாருக்கும் பயிற்சி அவர்களுடைய மொழியில் நடக்க வேண்டும். சிங்களத்தில் நடக்கும் வகுப்பில் தலையாட்டிவிட்டு வருவது எப்படி என்று நமது ஆட்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திற்கு முன்னர் இதைக் கடிதமாகக் கொடுக்க இருக்கிறோம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு பிரதி. கோரிக்கை இரண்டுதான். புதிய அதிகாரி பொறுப்பெடுக்கும்போது பழையவரும் அவரும் குறைந்தது ஒரு மாதமாவது சேர்ந்து வேலை செய்ய வேண்டும். வருடம் இரண்டு தடவை எம்.ஓ.எச். அலுவலகம் பெற்றோரையும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களையும் தமிழில் சந்திக்க வேண்டும். வரைபு பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து வாசித்துப் பாருங்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், சம்மதம் என்றால் கையெழுத்து வையுங்கள். உம்மாமாருக்குச் சனிக்கிழமை காலை பாடசாலை மண்டபத்தில் தனியாக வைத்திருக்கிறோம்.