அது மருந்தல்ல, விஷம்! பதிவேடு எங்கே?



மலாய்க்காரர்கள் அதை 'ராச்சூன்' என்கிறார்கள். விஷம் என்று பொருள். நாம் மட்டும்தான் 'மருந்து அடிக்கிற வேலை' என்றோம். நீலாய், லாபு, பத்தாங் பெனார் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காலையில் பெரட்டு, பிறகு முதுகில் நாலு கேலன் தோம்பு. அதைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் அம்மாக்கள். நகம் கறுத்து உதிர்ந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தோல் வெந்தது. கிளினிக்கில் கொடுத்தது பெனடால்!

அந்தத் தோம்பில் அதிகம் இருந்தது பாராகுவாட். கிராமாக்சோன் என்றால் உங்களுக்குப் புரியும். உள்ளே போனால் மாற்று மருந்தே கிடையாது. சுவீடன் இதை 1983இல் தடை செய்தது. தயாரித்த சின்ஜென்டாவின் தாய்நாடான சுவிட்சர்லாந்து 1989இலேயே விலக்கியது. அவர்கள் வயலுக்கு ஆகாதது நம் அம்மாக்களின் முதுகுக்கு ஆகும் என்றார்கள்.

2002இல் தெனகானித்தாவும் பான் ஆசிய பசிபிக் அமைப்பும் தோட்டத்துப் பெண்களிடம் ஆய்வு நடத்தி அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. (தெனகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ் வேறொரு அறிக்கைக்காக 2003இல் சிறைத்தண்டனை பெற்று, 2008இல்தான் விடுதலையானார். உண்மை பேசினால் இங்கே கிடைக்கும் பரிசு இது.) 2006இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. 17 ஆண்டுகளுக்கும் மேல்! அந்த ஆண்டுகளெல்லாம் யார் முதுகில் கழிந்தன?

தடை வந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்காதீர்கள். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்க நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு என்று தெரிந்தது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தார்கள். இங்கே? எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, எந்த விஷம் அடித்தார் என்று காட்ட உங்கள் தாயிடம் ஒரு துண்டுக் காகிதம் உண்டா?

காகிதம் இருந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் இரசாயனப் பாதுகாப்பு விதிகள்படி முதலாளி ஆபத்தை மதிப்பிட வேண்டும். தேவையென்றால் தொழிலாளரை மருத்துவக் கண்காணிப்பில் வைத்து, அந்தப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து 30 ஆண்டுகள் காக்க வேண்டும். 2002இல் எழுதியது 2032 வரை இருக்க வேண்டும். நீலாயில் ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் இன்று தொழிற்சாலை, கல்லூரி, தாமான். நிலம் கைமாறியபோது கிராணியின் அலமாரி எங்கே போனது? பதிவேடு எழுதவே இல்லையென்றால் அது தனிக் குற்றம்.

சொக்சோவில் தொழில் நோய்க்கும் இழப்பீடு உண்டு, ஆனால் ஆதாரம் கேட்பார்கள். வழக்குக்கோ 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் தருவது 6 ஆண்டுகள். மெதுவாக வரும் நோய்க்கு இது என்ன நியாயம்?

இன்று தோம்பு சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள். அவர்களை நம் வேலையைப் பறித்தவர்களாகப் பார்க்காதீர்கள். அவர்களுக்கும் பதிவேடு வேண்டும்.

பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, கிளினிக் அட்டை எதையும் வீசிவிடாதீர்கள். அம்மா வேலை செய்த ஆண்டுகளை இப்போதே கேட்டு எழுதுங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகல் கேட்டு கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒரு பிரதி சிரம்பானில் உள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்குப் போகட்டும். பதில் வராவிட்டாலும் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.