ஏவல் கொண்ட எரி

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை செல்லும் நெடுஞ்சாலையில் சீத்தா எலியா என்னும் ஊர் உளது. அங்குள்ள சீதையம்மன் ஆலயத்தை ஒட்டி ஓடும் அருவியின் கரையில் மண் கரிய நிறமாய்க் காணப்படும். அனுமன் வாலில் இட்ட தீ இலங்கையைச் சுட்ட காலத்து எஞ்சிய கரியே அஃது என்று நம் மலையக மக்கள் பரம்பரையாகக் கூறுவர். ஹோட்டன் சமவெளியையும் அத்தீயோடு தொடர்புபடுத்தும் கதை உண்டு. கதையைக் கதையாகவே கொள்வோம். ஆயினும், இம்மலைகளுக்கும் தீக்கும் உள்ள உறவு மிகப் பழையது என்னும் உண்மை அதனுள் பொதிந்து கிடக்கின்றது. அவ்வுறவை இன்று நாம் நடத்தும் முறை சரிதானா என்பதே இங்கு ஆராயப் புகும் பொருள்.

ஆண்டுதோறும் தை, மாசி, பங்குனித் திங்கள்களில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளிலும், ஆனி முதல் ஆவணி வரையில் ஊவாப் பக்கத்துச் சரிவுகளிலும் புற்காடுகள் தீப்பற்றி எரிகின்றன. வைத்தவர் யார் என்பது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. இளம்புல் வேண்டி மாடு மேய்ப்போன் வைத்தானோ, மரை துரத்தும் வேட்டையாளன் வைத்தானோ, வழிப்போக்கன் எறிந்த பீடித்துண்டு மூட்டியதோ, யாரறிவார்? பழி மட்டும் கீழேயுள்ள லயத்தார் தலையிற் சென்று விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசிக் காலையில் என் வகுப்பு மாணவர் நால்வர் காலந்தாழ்த்து வந்தனர். கண்கள் சிவந்திருந்தன, சட்டையிற் புகை நாறிற்று. "மேமலையில தீ, சேர். பீலிக்குத் தண்ணி வர்ற காடு. விடிய விடியக் கொப்பு ஒடிச்சு அடிச்சோம்" என்றான் ஒருவன். அவ்வாரம் கழிவதற்குள், அத்தீயை மூட்டியவர்களே தோட்டத்துப் பிள்ளைகள்தாம் என்று ஊரிற் பேச்சு எழுந்தது. அணைத்தவனே வைத்தவன் எனப்படும் இந்நிலை, தனி ஒருவருடைய தீய எண்ணத்தால் விளைந்ததன்று. தீக்கு உரியவர் எவரும் இல்லை என்னும் நிலையே அதன் காரணமாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் காக்கப்பட்ட காடுகளில் தீ மூட்டுதலைக் குற்றமாக்கியுள்ளன. நூறாண்டு கடந்தும் மலை எரிந்துகொண்டே இருக்கின்றது. தடை தீயை ஒழிக்கவில்லை. அறிந்து, காத்து நின்று எரிப்பவன் கையிலிருந்து அதனைப் பறித்து, வைத்துவிட்டு ஓடுவோன் கையிற் கொடுத்ததே அது செய்த பணி.

எரியும் இப்புற்காடுகள் யாவை? இவற்றைச் சிங்கள மொழியிற் 'பதன' என்ப. தலவாக்கலைக்கு அணித்தாய், ஆசிரியர் பலர் பயின்ற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்த பத்தனை என்னும் ஊர் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. ஊவாவின் தாழ்ந்த சரிவுகளில் மானாப்புல் ஓங்கி வளரும் உலர்பத்தனை ஒருவகை. ஹோட்டன் சமவெளி போன்ற உயர்நிலங்களில் பனியும் முகிலும் நனைக்கும் ஈரப்பத்தனை மற்றொருவகை. 1899ஆம் ஆண்டிலேயே பியர்சன் என்னும் தாவரநூல் அறிஞர் இவற்றை ஆராய்ந்து எழுதினார். இவை காலநிலையால் அமைந்தனவா, மனிதர் இட்ட தீயால் அமைந்தனவா என்பதில் அறிஞர் ஒருமித்திலர். ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணிற் படிந்த மகரந்தத் துகள்களைச் சோதித்த பிரேமதிலக முதலியோர், பதினேழாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு மனிதர் தீயிட்டமைக்குச் சான்று உளது என்பர்.

புல்லின் இயல்பும் தீயை அஞ்சுவதன்று. மரத்தின் குருத்து உச்சியில் உளது. புல்லின் குருத்தோ மண்ணை ஒட்டி ஒடுங்கியிருக்கின்றது. மேலே காய்ந்த தாள் வெந்தாலும், கீழே உயிர் வேகாது. பழந்தாள் நீங்கவே ஒளி நிலத்தை அடையும், சாம்பர் உரமாகும், மழை கண்டதும் தளிர் எழும். தீயே தீண்டாது பல்லாண்டு விட்டால் காய்ந்த தாள் அடுக்கடுக்காய்க் குவிந்து, பின்னொருநாள் பற்றுங்கால் எவராலும் அணைக்கவொண்ணாப் பெருநெருப்பாகும். பத்தனைகளில் நட்ட பைன் மரங்களின் சருகு இவ்வாபத்தை மேலும் பெருக்கியுள்ளது.

தீயை ஆளும் இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி நில மக்கள் காட்டை எரித்துப் புனம் திருத்தித் தினை விதைத்தனர். புதுக்கொல்லையை 'இதை' என்றும், பழங்கொல்லையை 'முதை' என்றும் வேறு வேறு பெயரிட்டு வழங்கினர் எனின், எரித்த நிலத்தின் அகவையைக் கணக்கிட்டு வாழ்ந்தனர் என்பது பெறப்படும். சிலப்பதிகாரத்திலோ மதுரையை எரித்த தீக்கடவுள், எவரை விடுத்தல் வேண்டும் என்று கண்ணகியிடம் வினவுகின்றான். அறவோரும் ஆவும் பத்தினிப் பெண்டிரும் மூத்தோரும் குழவியும் முதலாயினாரை விடுத்துத் தீயோர் பக்கமே சேர்க என்று அவள் ஏவுகின்றாள். நகரை எரித்தல் நமக்கு முன்மாதிரியன்று. ஆனால் சினத்தின் உச்சியிலும் தீக்கு எல்லை வகுத்தாள் என்பதை நம் ஆசிரியர் வகுப்பறையில் அழுத்திக் கூறுதல் வேண்டும். எதைத் தொடுதல், எதை விடுதல் என்னும் ஏவல் பெற்ற தீயே ஆளப்பட்ட தீ.

இத்தகைய தீ இன்றும் நடைமுறையில் உள்ள இடம் ஒன்று உண்டு. கேரளத்து மூணாற்றை அடுத்து, நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளர் உழைத்த தேயிலைத் தோட்டங்களின் மேலே, இரவிகுளம் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. 97 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அப்பூங்கா 1978இல் நிறுவப்பட்டது. சங்க நூல்கள் வருடை எனக் கூறும் வரையாடு அங்கு வாழ்கின்றது. அதன் மேய்ச்சற் புல்லைப் புதுப்பித்தற்காகக் குளிர்காலத்தில், தீவரம்பு வெட்டி, பகுதி பகுதியாக முறைவைத்து எரிப்பர். முதுவர் என்னும் மலைவாணர் அப்பணியில் துணைநிற்பர். சோலைக்காடு தீண்டப்படாது, புல் மட்டும் வேகும்.

இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. கருநாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், ஆண்டின் தொடக்கத்திலேயே சருகை மெல்லிய தீயால் எரித்து வந்தனர். 1970களில் அம்மலை சரணாலயமாகவே, அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. பின்னர் உண்ணிச்செடி காடெங்கும் அடர்ந்தது. அதனைத் தொடக்கத்திலேயே அடக்கியது தங்கள் தீயே என்று சோலிகர் கூறுவதை ஆய்வாளரும் இன்று ஏற்றுப் பேசத் தலைப்பட்டுள்ளனர்.

கடல் கடந்தும் ஒரு சான்று காண்போம். அமெரிக்காவில் பிரேரி என்னும் பரந்த புல்வெளிகள் ஏரால் அழிந்தன. 1930களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார், உழுது கைவிடப்பட்ட நிலமொன்றில் அப்புல்வெளியை மீண்டும் ஆக்க முயன்றனர். நட்ட செடிகளை அயற்புல் நெருக்கிற்று. 1940களில் ஜோன் கேர்ட்டிஸ் என்னும் அறிஞர் அந்நிலத்திற் காலம் பார்த்துத் தீயிட்டுச் சோதித்தார். அயற்புல் தளர்ந்தது, நாட்டுச் செடிகள் பூத்தன. அவர் பெயராலேயே அந்நிலம் இன்று வழங்குகின்றது. அவர் எரித்தது அழித்தலன்று, ஆக்கலே. புலவன் சொல்லை யாப்பிற்குள் நிறுத்திப் பாட்டாக்குதல் போல, அவர் தீயை வரம்பிற்குள் நிறுத்தி ஒரு நிலத்தை இயற்றினார். யாப்பற்ற சொல் பாட்டாகாது. வரம்பற்ற தீயும் அவ்வாறே.

இனி, மறுப்புகளையும் எண்ணுதல் முறைமை. வெள்ளையர் கொணர்ந்த கோர்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடி ஹோட்டன் சமவெளியிற் பரவியுள்ளது. அதன் விதை தீப்பட்டால் விழித்து முளைக்கும். அதனைக் கையாற் பிடுங்குதலே தக்கது. முகிற்காடு ஒருமுறை எரிந்தால் எளிதில் மீளாது. மகாவலி, களனி, வளவை ஆறுகளின் பிறப்பிடத்தில் தீயோடு விளையாடுதல் அறிவன்று. மேலும், புல்லிழந்த சரிவிற் பெருமழை விழுமாயின் மண் கரைந்தோடும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டதை நாம் மறந்திலோம். அதற்குத் தீ காரணமன்று. எனினும் சரிவின் கீழே மனிதர் உறங்குகின்றனர் என்பதை அந்நாள் என்றும் நினைவூட்டும்.

ஆதலின், எங்கும் எரிக்க என்பது என் கருத்தன்று. முகிற்காட்டிற்கும் நீரூற்றிற்கும் லயத்திற்கும் எட்டியுள்ள உலர்பத்தனையிற் சிறு துண்டு ஒன்றை முதலிற் சோதிக்க வேண்டும். வனத் திணைக்களமும் பல்கலைக்கழக அறிஞரும் நாளும் காற்றும் எல்லையும் குறித்து, மழைக்கு முன் புல் தழைக்கப் போதிய காலம் விட்டு, உரிய கட்டளையுடன் அதனைச் செய்தல் வேண்டும். விளைவு தீதெனின் நிறுத்துக. நன்றெனின், அப்பணியில் தோட்டத்து மக்களை ஊதியமும் பயிற்சியும் காப்புடையும் தந்து பங்காளராக்குக. பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலம் தேறும்பொருட்டு மானாப்புல் நட்டு வளர்த்த கைகள் அவர்களுடையவை. எந்தச் சரிவிற் காற்று எப்போது திரும்பும் என்பதை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?

இன்று அவர்கள் ஊதியமின்றித் தீயணைக்கின்றனர். சான்றின்றிப் பழி ஏற்கின்றனர். ஏவல் கொண்ட எரியில் வைத்தவன் பெயர் ஏட்டில் இருக்கும். காத்தவன் பெயரும் உடன் இருக்கும். அன்று என் மாணவர் காலந்தாழ்த்து வந்தால், "எங்கே போனாய்?" என்று யான் கேட்பேன். "வேலைக்கு, சேர்" என்று அவன் நிமிர்ந்து கூறும் நாள் வருக.