கடுகுக்குத் தூய குலம் இல்லை

மரபணு மாற்றுக் கடுகு பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் மேடையேறுகிறது: “இயற்கை ஓர் இனத்தை இன்னோர் இனத்தோடு கலப்பதில்லை.” துண்டறிக்கையில் அச்சாகிறது, கைதட்டல் வாங்குகிறது, அடுத்த வாரம் வேறோர் ஊரில் வேறொருவர் வாயிலிருந்து வருகிறது. டி.எம்.எச்-11 என்ற அந்தக் கடுகை வயலுக்கு விடலாமா என்பது தனி வழக்கு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளே அதில் ஒத்துப்போகவில்லை. எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். இந்த வாக்கியம் அவற்றில் ஒன்றல்ல. தாவரவியலில் இது அப்பட்டமான பொய். அதைக் கடுகைக் காட்டியே சொல்வதுதான் பொறுக்க முடியாதது.

நம் தாளிப்பில் பெரும்பாலும் வெடிப்பது பிராசிகா ஜன்சியா என்ற கடுகு. அதற்கு 36 குரோமோசோம்கள். அவற்றில் 20 டர்னிப்பின் இனமான பிராசிகா ராபாவிலிருந்து வந்தவை. மீதி 16 கருங்கடுகிலிருந்து வந்தவை. எந்த ஆய்வகமும் இல்லாத காலத்தில் இரண்டு இனங்கள் வெட்டவெளியில் கலந்து பிறந்த பயிர் அது. இந்த உறவுமுறையை 1935-லேயே வரைந்து காட்டிவிட்டார் ஜப்பானில் பிறந்த கொரிய வம்சாவளி அறிவியலாளர் வூ ஜாங்-சுன். மூன்று மூல இனங்களை மூன்று முனைகளில் வைத்து, இரண்டிரண்டாகக் கலந்து பிறந்த மூன்றை இடையில் வைத்தார். அவருடைய முக்கோணம் இன்று பயிர் இனப்பெருக்கப் பாடத்தின் அரிச்சுவடி. தொண்ணூறு ஆண்டுகளாகியும் அது மேடைகளுக்கு எட்டவில்லை.

அடுத்த வாதம் கோவேறு கழுதை. இனம் மாறிப் பிறந்தது மலடாகும் என்கிறார்கள். விலங்கின் கதையைச் செடிக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ரேப்சீடை எடுத்துக்கொள்ளலாம், கனோலா எண்ணெய் தரும் பயிர்களில் முதன்மையானது. முட்டைக்கோஸின் இனமான பிராசிகா ஒலரேசியா 9 குரோமோசோம் தருகிறது, பிராசிகா ராபா 10 தருகிறது. பிறக்கும் செடியில் 19. எதற்கும் சரியான ஜோடி இல்லாததால் மகரந்தம் பெரும்பாலும் வீணாகிறது. இதுவரை மேடைக்காரர் சொல்வது சரி. ஆனால் எப்போதாவது குன்றல் பகுப்பு தவறி, 19-ம் முழுதாக ஒரு மகரந்தத்துக்குள்ளும் ஒரு சூலுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அவை இரண்டும் கூடினால் 38. இப்போது ஒவ்வொன்றுக்கும் ஜோடி உண்டு, விதை பிடிக்கிறது. அந்த 38 குரோமோசோம் செடிதான் ரேப்சீடு. இதைத்தான் பன்மடியம் என்கிறார்கள். மலட்டுத்தன்மையிலிருந்து வெளியேறச் செடிகளுக்கு வாய்த்த வழி இது.

இரட்டித்தால் செடி நலிந்துபோகும் என்ற வாதத்துக்கு ரொட்டிக் கோதுமையின் ஆறு குரோமோசோம் தொகுதிகளும் நிலக்கடலையின் நான்கு தொகுதிகளும் போதிய பதில்.

எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடியிருப்பது “மூதாதையர் தந்த மரபணு மாறாமல் நம் கைக்கு வந்தது” என்ற நம்பிக்கை. ரேப்சீடின் முழு மரபணுத் தொகுதி 2014-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. அந்த ஆய்வின் கணக்குப்படி இந்தப் பயிர் பிறந்து ஏறத்தாழ 7,500 ஆண்டுகளே ஆகின்றன. அசல் காட்டு வடிவம் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அதன் ஜீன்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. மனிதனிடம் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் இருபதாயிரம். இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இருவித்திலைத் தாவரங்களின் மூதாதை ஒன்றில் தொகுதி மும்மடங்கானது. கடுகுக் குடும்பத்தின் வழியில் பிறகு இருமுறை இரட்டித்தது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிராசிகாவின் முன்னோரில் மறுபடி மும்மடங்கு. கடைசியாக ரேப்சீடின் பிறப்பில் இன்னோர் இரட்டிப்பு. பெருக்கிப் பார்த்தால் 72 மடங்கு. மனிதன் கை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்தவை இவற்றில் பெரும்பகுதி.

பெருகியதெல்லாம் அப்படியே தங்கவும் இல்லை. அதே குடும்பத்தின் சிறு செடியான அராபிடாப்சிஸில் சுமார் 27,000 ஜீன்கள். மும்மடங்கான பிராசிகா ராபாவில் எண்பதாயிரமாவது இருக்க வேண்டும். 2011-இல் எண்ணியபோது கிடைத்தவை ஏறத்தாழ 41,000. மீதி உதிர்ந்துபோயின. ரேப்சீடுக்குள் வந்த பிறகும், டர்னிப் வழிக் குரோமோசோமும் முட்டைக்கோஸ் வழிக் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன; சில இடங்களில் ஒன்றின் துண்டு மற்றதன் துண்டை அழித்துவிட்டு அங்கே அமர்ந்துகொள்கிறது. புண்ணாக்கின் காரத்துக்குக் காரணமான குளுகோசினோலேட் தொடர்பான ஜீன்களும் இந்த மாற்றங்களில் சிக்கியிருப்பதை 2014 ஆய்வு காட்டியது. இதற்கு யுகங்கள் கூடத் தேவையில்லை. புதிதாகக் கலந்து உருவாக்கிய பிராசிகா செடிகளில் ஐந்தே தலைமுறைக்குள் மரபணுத் தொகுதி மாறியிருந்ததை 1995-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். மாறாத மரபணுவைத் தேடுகிறவர் தேடக் கூடாத குடும்பம் இது.

“அதெல்லாம் மனிதன் உழுத வயலில் நடந்தது, காட்டில் நடக்காது” என்று இறுதியாக ஒரு பதில் வரும். அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ எல்லையில் சாலையோரக் களைகளை ஆராய்ந்த மேரியன் ஓன்பே, 1950-இல் டிராகோபோகன் பேரினத்தில் இரண்டு புதிய இனங்களை விவரித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த செடிகள் தாமாகக் கலந்து, தாமாக இரட்டித்துப் பிறந்தவை அவை. அவற்றை யாரும் விதைக்கவில்லை.

தூய்மையைப் போற்றிக் கலப்பை ஒதுக்கினால் வரும் நட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருசில கலப்புகளிலிருந்து மட்டும் பிறந்ததால் ரேப்சீடுக்குள் மரபு வேறுபாடு குறைவு. நோய் தாக்கினால் எதிர்த்து நிற்க உள்ளே சரக்கு போதாது. வேர்கள் கரணை கரணையாக வீங்கிச் செடி வாடும் கிளப்ரூட் நோய் ஐரோப்பிய வயல்களைத் தொல்லைப்படுத்தியபோது இனப்பெருக்க அறிவியலாளர்கள் மறுபடி மூல இனங்களிடமே போனார்கள். நோயைத் தாங்கும் ஒரு பிராசிகா ராபாவையும் ஒரு பிராசிகா ஒலரேசியாவையும் கலந்து ரேப்சீடைப் புதிதாகப் பிறப்பித்தார்கள். அந்தச் செடியின் எதிர்ப்புத் திறனை வாங்கி உருவான இரகம் உழவர் கைக்குப் போனது. அதற்கு இட்ட பெயர் மெண்டல்.