அராத்தா இசுமியும் நம்ம சிப்காட்டும்

2025 நவம்பரில் ரையன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்திய பாஸ்போர்ட்டோடு தேசிய அணி முகாமுக்கு வந்தபோது, நம்ம ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பே கொண்டாட்டத்தில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற இந்திய வம்சாவளி ஆட்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டால் போதும், அடுத்த வேர்ல்டு கப்பில் நாமதான் என்கிற அளவுக்குப் பேச்சு. அந்தச் செய்திகளில் எல்லாம் இன்னொரு பெயரும் சேர்ந்தே வந்தது. இவருக்கு முன்னால் இதே காரியத்தைச் செய்தவர், அராத்தா இசுமி. பாதிப் பேர் அதைப் படிக்காமலே தாண்டிவிட்டார்கள். வேர்ல்டு கப் கணக்குப் போடுவதற்கு முன்னால் அவர் கதையை முழுசாகப் பார்த்துவிடுவது நல்லது.

1982இல் ஜப்பானின் ஷிமோனோசெகி நகரில் பிறந்தவர். அப்பா குஜராத்தி, அம்மா ஜப்பானியர். நீல்காந்த் என்று ஒரு இந்தியப் பெயரும் உண்டு. ஆட்டத்தில் முன்வரிசைக்கு ஒட்டி நிற்கும் ஆள்: அட்டாக்கிங் மிட்ஃபீல்டர், தேவைப்பட்டால் ஃபார்வர்ட். முதலில் சிங்கப்பூர் லீக்கில் அல்பிரெக்ஸ் நீகாட்டாவின் கிளை அணிக்கு ஆடினார். அப்புறம் ஊர் திரும்பி மிட்சுபிஷி மோட்டார்ஸ் மிசுஷிமா அணி. 2006இல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால். 2007லிருந்து மும்பை மஹிந்திரா யுனைடெட். 2009லிருந்து பூனே எஃப்.சி.; அங்கேதான் பெயர் வாங்கினார். 2012-13 ஐ-லீக்கில் பூனே இரண்டாவது இடம் பிடித்த அணியில் அவரும் ஒருவர்.

இதுவரை எல்லாம் "வெளிநாட்டு வீரர்" கணக்கில்தான். இந்திய கிளப்கள் ஆசிய வீரர் ஒருவருக்குத் தனி இடம் வைத்திருந்த காலம் அது. இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்று நினைத்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்தது. 2008லிருந்து மத்திய அரசின் நிலை ஒன்றுதான்: இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய ஜெர்சி, ஓ.சி.ஐ. அட்டையெல்லாம் செல்லாது. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தராது, ஜப்பானும் தராது. அதனால் ஜப்பான் குடியுரிமையைத் துறந்தார். நம்மில் எத்தனை பேர் என்-5, என்-4 என்று ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு அந்த ஊர் வேலைக்கு லைனில் நிற்கிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் விட்டுவந்தது என்ன என்று புரியும்.

2013 பிப்ரவரி 6, கொச்சி. பாலஸ்தீனத்துக்கு எதிராக முதல் ஆட்டம். இந்தியா 2-4 என்று தோற்றது. அப்போது அவருக்கு வயது 30. மொத்தமாக இந்தியாவுக்கு ஆடியது ஒன்பது ஆட்டம், அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் கட்சிக்காரர்கள் இந்த ஒன்பதைப் பார்த்துச் சொல்வது, "லேட்டா வந்துட்டார், சின்ன வயசுலேயே கூப்பிட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்." இருக்கலாம். ஆனால் எனக்குக் கண்ணில் படுவது அந்த கிளப் பட்டியல்தான். அதை இன்னொரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். அதில் பாதி கம்பெனிகளின் பெயர்.

மிசுஷிமா என்பது ஒகயாமா மாகாணத்தில் இருக்கும் மிட்சுபிஷி கார் ஆலை. அந்த ஆலைக்கு ஒரு ஃபுட்பால் டீம். ஜப்பானில் இது அதிசயம் ஒன்றும் கிடையாது. 1965இல் அவர்கள் தேசிய லீக் தொடங்கியபோது ஆடியதே கம்பெனி அணிகள்தான். 1993இல் ஜே-லீக் வந்தபோது கிளப் பெயரில் கம்பெனி பெயர் இருக்கக் கூடாது, ஊர் பெயர் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது. நிசான் யோகோஹாமா மரினோஸ் ஆனது. டொயோட்டா நகோயா கிராம்பஸ். யான்மார் டீசல், செரெசோ ஒசாகா.

யான்மார் என்ற பெயரைக் கேட்டதும் கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து இங்கே அமைத்திருக்கும் ஒரிஜின்ஸ் தொழிற்பூங்காவில் இன்ஜின் ஆலை போட்டிருக்கும் அதே யான்மார்தான். ஜப்பானின் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஃபார்வர்டான குனிஷிகே கமாமோட்டோ ஆடியது இந்தக் கம்பெனி அணிக்கு. லீக்கில் 251 ஆட்டத்தில் 202 கோல். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் ஏழு கோல் அடித்து அந்தப் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார், ஜப்பானுக்கு வெண்கலம். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இதே ஜப்பானை நாம் 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கிவந்தோம் என்பதை அடைப்புக்குறிக்குள் படித்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மிட்சுபிஷியும் அந்நியம் இல்லை. 1998லிருந்து லான்சர் கார் தயாரானது அங்கே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில்தான், மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில். (இப்போது அந்தப் பக்கம் சிட்ரோயன் ஓடுகிறது.) ஆக இசுமியின் ஜெர்சியில் இருந்த மிட்சுபிஷி, மஹிந்திரா இரண்டுமே நம்ம மாவட்டத்துக்குத் தெரிந்த பெயர்கள். அந்த ஊரில் கம்பெனி வந்தபோது கூடவே ஒரு டீமும் வந்தது. இந்த ஊரில் கம்பெனி வந்தபோது காம்பவுண்டு சுவர் வந்தது.

இந்தியாவுக்கே இந்தப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. மஹிந்திரா அணி 1962இல் தொடங்கியது, 2005-06இல் தேசிய லீக் சாம்பியன். 2010இல் மூடிவிட்டார்கள். பஞ்சாபில் ஜே.சி.டி. ஆலையின் அணி, அதுவும் தேசிய லீக் ஜெயித்த அணி, 2011இல் மூடப்பட்டது. இசுமியை இசுமி ஆக்கிய பூனே எஃப்.சி. 2015இல் போனது. ஐ.எஸ்.எல். வந்ததும் அவர் கொல்கத்தா, பூனே சிட்டி, கேரளா பிளாஸ்டர்ஸ் என்று ஆடினார். அந்தப் பூனே சிட்டியும் இன்றைக்கு இல்லை. ஒரு மனுஷன் ஏறிவந்த படி ஒவ்வொன்றும் அவருக்குப் பின்னாலேயே உடைந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. கட்சுமி யூசா, இன்னொரு ஜப்பானியர், 2014-15 ஐ-லீக்கை மோகன் பகான் ஜெயித்தபோது அந்த அணியின் உயிர்நாடி மாதிரி இருந்தவர். 2019-20 சீசனில் சென்னை சிட்டிக்கு ஆட வந்தார். சென்னை சிட்டி அதற்கு முந்தைய சீசனில்தான் கோயம்புத்தூரை ஹோம் கிரவுண்டாக வைத்துக்கொண்டு ஐ-லீக் சாம்பியன் ஆகியிருந்தது. அப்புறம் இரண்டே சீசன். அதோடு லீக்கில் அந்தப் பெயரே இல்லை. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி மாதிரி அணிகள் சென்னை லீக்கில் பல வருஷமாக நின்று விளையாடியதால்தான் வடசென்னைப் பையன்கள் பலருக்கு ஃபுட்பால் மூலம் ஒரு சம்பளம் கிடைத்தது. அந்த மாதிரி வேலையும் இப்போது குறைந்துகொண்டே வருகிறது.

இந்தோனேஷியாவைக் காட்டி வாதம் பண்ணுகிறவர்கள் உண்டு. நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த வம்சாவளி ஆட்களைக் கூட்டிவந்து, 2026 வேர்ல்டு கப் தகுதிச்சுற்றில் நான்காவது சுற்று வரை போனார்கள். உண்மைதான், நாம் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே வந்த வீரர்களை வளர்த்தது நெதர்லாந்தின் கிளப்கள். இன்னொருவர் வளர்த்த பயிரை வருஷா வருஷம் அறுவடை பண்ணிக்கொண்டே இருக்க முடியுமா? ஜப்பானும்கூட வெளிநாட்டில் பிறந்தவருக்குக் குடியுரிமை கொடுத்து ஆடவைத்திருக்கிறது. பிரேசிலில் பிறந்த ரூய் ராமோஸ் 1977இல் யோமியூரி கிளப்புக்கு வந்தவர், 1989இல் ஜப்பானியர் ஆனார். நடுவில் பன்னிரண்டு வருஷம் அவரைத் தாங்க அங்கே ஒரு கிளப் இருந்தது. வில்லியம்ஸை வரவேற்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. அவர் வந்துவிட்டார் என்பதற்காக கிரவுண்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறோமே, அதோடுதான் தகராறு.

சரி, கிரவுண்ட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிப்காட் பக்கம் காலி மனை எதையாவது பாருங்கள். மணிப்பூர், அசாம், வங்காளம், ஜார்க்கண்ட் பையன்கள் செருப்பைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். நாம் "வடக்கன்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற அதே பையன்கள். ஃபுட்பால் தெருவிலேயே இருக்கிற ஊர்களிலிருந்து வந்தவர்கள். நம்ம டிபார்ட்மென்ட் டீமை நிற்கவைத்து ஐந்து கோல் போடுவார்கள். ஆறு நாள் ஷிஃப்ட், ஏழாவது நாள் இந்தச் செருப்பு கோல் போஸ்ட். இவர்கள் வேலை செய்யும் கம்பெனிகளின் தலைமையகம் சில ஒசாகாவிலும் டோக்கியோவிலும் இருக்கிறது. அங்கே அந்தக் கம்பெனிகள் கிளப்களுக்குப் பணம் போடுகின்றன.

பணம் எங்கே என்று கேட்டால், 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவைப் படியுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2% சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஒரு சிக்கல்: தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் செய்தால் அது கணக்கில் சேராது. ஆகவே கம்பெனி டீம் கேட்டால் கை விரித்துவிடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளும் தொழிலாளர்களும் நாமும் எல்லோரும் ஆடலாம் என்று ஒரு பொது கிரவுண்டும், சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு ஒரு கோச்சும் கேட்டால் மறுக்க அவ்வளவு எளிதாகக் காரணம் கிடைக்காது. இசுமியே இப்போது பண்ணுவது அந்த மாதிரி வேலைதான். ஆட்டத்தை விட்டதும் நவி மும்பையில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் அகாடமியில் கோச் ஆகி, சின்னப் பையன்களை வளர்த்துவருகிறார். அந்தப் பையன்களில் எத்தனை பேர் ஐ.எஸ்.எல். போகிறார்கள் என்பதை அவர் ஆடிய ஒன்பது ஆட்டத்தைவிட முக்கியமான எண்ணாக நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த மனு பலிக்க வருஷக்கணக்கு ஆகலாம். அதுவரைக்கும் நம்ம காலேஜ் கிரவுண்ட் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தானே கிடக்கிறது. ஆளுக்கு ஏழு பேர் என்று எட்டு டீம்: நம்மில் இரண்டு, பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு, சிப்காட் தொழிலாளர்கள் நான்கு. எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் 28 மேட்ச், ஒரு ஞாயிறுக்கு நான்கு என்று ஏழு வாரத்தில் முடியும். கேட் சாவி பி.டி. சார் கையில் இருக்கிறது. கையெழுத்து போடத் தயாராக இருப்பவர்கள் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் பக்கம் வாருங்கள்.