நாயின் முதுகில் கை வைக்கும் முன்

நொண்டும் நாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, 'பட்'டென்று ஒரு சொடக்கு எடுத்து, அது துள்ளி ஓடுவதைக் காட்டும் காணொளிகள் கைப்பேசியில் ஓயாமல் வருகின்றன. கைரோபிராக்டிக் எனப்படும் இந்த முறையை 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கினார். முதுகெலும்பு மூட்டுகள் இம்மி பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்பது அவர் கொள்கை. அதை அறிவியல் ஏற்கவில்லை. முதுகுவலியில் சில மனிதர்களுக்கு இம்முறை ஓரளவு ஆறுதல் தருவது உண்மைதான். ஆனால் மனிதனால் "இங்கே வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியும். நாய்க்கு அந்த வழி இல்லை. அதனால், வலியின் காரணத்தைக் கால்நடை மருத்துவர் கண்டறியும்வரை நாயின் முதுகை யாரும் திருகக் கூடாது என்கிறேன்.

டாக்ஸண்ட் நாயை எடுத்துக்கொள்வோம். குட்டைக் கால், நீண்ட உடல் கொண்ட இந்த இனத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை வாழ்நாளில் டிஸ்க் நோய்க்கு ஆளாகின்றன. கால்களைக் குட்டையாக்கும் மரபணு மாற்றம்தான் முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்குகளையும் இளமையிலேயே கெட்டிப்பட வைக்கிறது என்பதை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். கெட்டிப்பட்ட டிஸ்க் வெடித்துத் தண்டுவடத்தை அழுத்தும்போது முதலில் தெரிவது கூனிய முதுகும் படியேறத் தயங்குவதும்தான். பார்ப்பவர் அதைச் சுளுக்கு என்றே நினைப்பார். அந்த நேரத்தில் முதுகை அழுத்தித் திருகினால் கசிந்த டிஸ்க் இன்னும் பிதுங்கலாம். பின்னங்கால்கள் செயலிழந்தாலும் விரலைக் கிள்ளும்போது வலியை உணரும் நாய்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சைக்குப் பின் நடந்துவிடும். அந்த உணர்வும் போய்விட்டால் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். இப்படிப்பட்ட நோயில் சொடக்கு எடுக்க அலைந்த இரண்டு நாள் பெரிய இழப்பு.

"நாய்க்கு மனப்பிரமை கிடையாதே, அது நன்றாக நடந்தால் பலன் உண்மைதானே" என்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் பிரமை நாய்க்கு வர வேண்டியதில்லை, வளர்ப்பவருக்கு வந்தால் போதும். மூட்டு வாதத்தால் நொண்டிய நாய்கள் பற்றி 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற நாய்களின் நடையை, காலடி விசையை அளக்கும் கருவியில் பதிவு செய்தது. கருவி முன்னேற்றம் எதையும் காட்டாத நேரங்களிலும் உரிமையாளர்கள் பாதிக்கு மேற்பட்ட முறை "தேறியிருக்கிறது" என்றார்கள். கால்நடை மருத்துவர்களே கண்ணால் பார்த்து மதிப்பிட்டபோது பத்தில் நான்கு முறை ஏமாந்தார்கள். மூட்டு வலி ஏறியும் இறங்கியும் வருவது. மோசமான நாளில்தான் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அடுத்த வாரம் எதுவும் செய்யாமலே சற்றுத் தணிந்திருக்கும். காணொளியில் வரும் துள்ளல் இதையெல்லாம் பிரித்துக் காட்டாது. கைரோபிராக்டிக் குறித்த விலங்கு ஆய்வுகளில் பெரும்பகுதி குதிரைகளைப் பற்றியவை. நாய்களைப் பற்றியவை மிகச் சில.

ஸ்கேனுக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆகும் செலவைச் சொல்லிச் சிலர் மறுப்பார்கள். அது நியாயமான கவலை. ஆனால் நடக்கும் சக்தி இன்னும் இருக்கும் டிஸ்க் நோயாளி நாய்களில் பல, மருத்துவர் எழுதித்தரும் வலி மருந்தோடு சில வாரம் சிறிய இடத்தில் கண்டிப்பான ஓய்வெடுத்தாலே தேறுகின்றன. மூட்டு வாதத்துக்கோ கைவசமுள்ள மிகச் சிறந்த ஆதாரம் உணவுத் தட்டில் இருக்கிறது. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து, 2002-ல் முடிவு வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வாதத்துக்கு நீண்டகாலச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் அவற்றுக்குச் சுமார் மூன்றாண்டு தள்ளிப்போனது. எடையைக் குறைப்பதற்குக் கட்டணம் இல்லை.

மெதுவான நீவலையும் நீரில் நடக்கவிடும் இயன்முறைப் பயிற்சியையும் நான் எதிர்க்கவில்லை. மருத்துவர் நோயைக் கண்டறிந்து அனுப்பினால் அவை உதவக்கூடும். பிரிட்டனில் 2015-ம் ஆண்டு ஆணை, மருத்துவர் அல்லாதோர் விலங்குக்கு இத்தகைய சிகிச்சை தருவதைக் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலோடு கட்டியிருக்கிறது. இந்தியாவில் 1984-ம் ஆண்டின் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்றவர்களே இம்மருத்துவம் செய்யலாம் என்கிறது. நாயின் நோயைக் குணமாக்குவதாகச் சொல்லி முதுகெலும்பைத் திருகுவதும் மருத்துவமே என்று கவுன்சில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.