அமுக்கராவும் அரை மாத்திரையும்!

போன வாரம் மெஸ் சாம்பாரைக் கலாய்ச்சோம். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். ஆனா, போரடிக்க மாட்டேன்... ப்ராமிஸ்!

முதல்ல ஒரு கேள்வி. டாக்டர்கிட்ட போறீங்க. 'வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?'னு கேட்கறார். என்ன சொல்வீங்க? 'இல்லை சார்!' டக்குனு வந்து விழும். நானும் அதையேதான் சொன்னேன். அது பொய்னுகூட அப்போ எனக்குத் தெரியாது.

கதை இதுதான். நாலாவது செமஸ்டர்ல ரெண்டு அரியர். அதுக்கப்புறம் எக்ஸாம் ஹால் வாசல்ல நின்னாலே போதும்... நெஞ்சு 'தடதட'னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், படிச்சது எல்லாம் ஃபார்மேட் பண்ணின டிஸ்க் மாதிரி காலி! ராத்திரி மூணு மணி வரைக்கும் ஃபேனையே பார்த்துட்டுப் படுத்திருப்பேன். ரூம்மேட்தான் இழுத்துட்டுப் போய் ஒரு மனநல மருத்துவர் முன்னாடி உட்கார வெச்சான். அவர் பொறுமையா கேட்டுட்டு எஸ்சிடலோப்ராம் எழுதினார். அது முழுசா வேலை செய்ய சில வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் ராத்திரிக்கு அரை மாத்திரை க்ளோனாஸெபாம்.

வீட்டுல சொல்லலை. என்ன நினைப்பாங்களோனு பயம்.

ஸ்டடி ஹாலிடேஸுக்கு ஊருக்குப் போனா, அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டாங்க. 'தூங்கறதே இல்லையா கண்ணு?'னு கேட்டவங்க, நாட்டு மருந்துக் கடையில அமுக்கரா சூரணம் வாங்கிட்டு வந்து பால்ல கலந்து கொடுத்தாங்க. விளம்பரத்துல 'அஸ்வகந்தா'னு ஸ்டைலா வருதே, அதேதான். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது டப்பாவும் பையில ஏறிடுச்சு.

ஆக, டாக்டருக்கு சூரணம் தெரியாது. அம்மாவுக்கு மாத்திரை தெரியாது. ரெண்டும் சந்திச்சுக்கிட்ட ஒரே இடம், என் வயிறு!

மாடல் ப்ராக்டிகலுக்கு முந்தின ராத்திரி. பயத்துல அரை மாத்திரையைப் போட்டுட்டு, சூரணத்தையும் வழக்கத்தைவிடத் தாராளமா கலந்து குடிச்சேன். காலையில அலாரம் அடிச்சது கேட்கவே இல்லை. ரூம்மேட் முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்பினான். எழுந்தேன்னுதான் பேரு... நாக்கு குழறுது, கால் நான் சொல்ற பேச்சைக் கேட்கலை. அந்த நிலைமையிலயும் பைக் சாவியைத் தேடி எடுத்திருக்கேன். அவன் பிடுங்கிட்டான். 'மாப்ள, நீ படிக்கட்டையே தாண்ட மாட்டே'ன்னான். ப்ராக்டிகல் போச்சு. ஆனா, பைக் நின்ன இடத்துலயே நின்னுச்சு. அதுக்கு அவனுக்கு ஆயுசு பூரா டீ வாங்கித் தரலாம்!

அன்னிக்கு சாயங்காலமே டப்பாவோட டாக்டர்கிட்ட போனேன். திட்டலை. 'எது எவ்வளவு காரணம்னு இப்போ பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, ரெண்டுமே தூக்கத்தை இழுக்கற ஜாதி. ஒரே வண்டியை ரெண்டு பேர் தள்ளினா என்னாகும்?'னு மட்டும் கேட்டார்.

அதுக்கப்புறம் உட்கார்ந்து தோண்டித் துருவிப் படிச்சேன். ப்ராஜெக்ட்டுக்குக்கூட இவ்வளவு படிச்சதில்லை பாஸ்!

முதல் விஷயம், அம்மா சொன்னது சும்மா இல்லை. அமுக்கரா சிலருக்குப் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்கலாம்னு சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்லுது. ஆனா, வேலை செய்யற பொருள்னா, நாம கேட்காத வேலையையும் செய்யும். தூக்க மாத்திரை, தைராய்டு, சர்க்கரை, பிரஷர், வலிப்பு மாத்திரைகளோட அது மோதலாம். அபூர்வமா கல்லீரலையும் தொட்டுப் பார்க்கும். ஐஸ்லாந்துலயும் அமெரிக்காவுலயும் அஸ்வகந்தா சாப்பிட்டு கல்லீரல் பாதிக்கப்பட்ட 5 பேரைப் பத்தி 2020-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. டென்மார்க் அரசு 2023-ல சத்து மாத்திரைகள்ல அஸ்வகந்தாவைச் சேர்க்கவே தடை போட்டுச்சு. உடனே 'ஐயையோ, விஷம்!'னு அலற வேண்டாம். 'இயற்கைதானே'னு கண்ணை மூடிட்டு முழுங்கவும் வேண்டாம்.

இன்னொரு கேரக்டர் இருக்கு. பேரு 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்'. மஞ்சப் பூ பூக்கிற மேல்நாட்டு மூலிகை. மன அழுத்தத்துக்குனு ஃபாரின் மாமா பையில வந்து இறங்கலாம், உஷார்! நம்ம கல்லீரல்ல மருந்துகளை உடைக்கிற என்ஸைம் இருக்கு. அதை டோல்கேட்னு வெச்சுக்குங்க. இந்த மூலிகை உள்ளே போனா, டோல்கேட்ல கூடுதலா நாலு லேன் திறந்துவிட்ட மாதிரி. மருந்து எல்லாம் விர்ருனு உடம்பை விட்டு வெளியே போயிடும். ஸுரிச்ல இதய மாற்று ஆபரேஷன் பண்ணின 2 பேருக்கு இதுதான் நடந்துச்சு. இந்த மூலிகையால சைக்ளோஸ்போரின் மருந்தோட அளவு ரத்தத்துல சரிய, புது இதயத்தை உடம்பு நிராகரிக்க ஆரம்பிச்சது. 2000-ல 'லான்செட்' இதழ்ல பதிவான கேஸ் இது. கருத்தடை மாத்திரைக்கும் இதே கதிதான். அதுவே எஸ்சிடலோப்ராம் மாதிரி மாத்திரையோட சேர்ந்தா கதை வேற... செரட்டோனின் எகிறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும்.

கலர் கலரா கம்மீஸ் வருதே, அதோட லேபிளைப் பொறுமையா படிங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நம்பர் இருந்தா, சட்டப்படி அது உணவு வகையறா. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'னு ஒரு மூலையில போட்டிருப்பாங்க. அதைத்தான் நாம மருந்தா சாப்பிடறோம்! டப்பாவுக்குள்ள இருக்கறது எல்லாம் லேபிள்ல இருக்கும்னும் நம்ப முடியாது. பாஸ்டன் பக்கத்துக் கடைகள்ல வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகள்ல 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்னு ஏதோ ஒண்ணு இருந்ததா 2004-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு.

சரி, என்ன பண்ணலாம்? பட்டு உணர்ந்தவன் சொல்றேன், கேட்டுக்குங்க...

* டாக்டர் 'மருந்து'னு கேட்டா, வாய்க்குள்ள போற எல்லாத்தையும் சொல்லுங்க. சூரணம், லேகியம், கம்மீஸ், ஜிம் பவுடர்... எல்லாம்! டப்பாவை போட்டோ எடுத்துக் காட்டினா இன்னும் பெட்டர்.

* சித்த மருத்துவர்கிட்ட போனாலும் இதே ரூல். அலோபதி மாத்திரையோட பேரைச் சொல்லுங்க.

* இதைப் படிச்சுட்டு 'மூலிகையே போதும்'னு மாத்திரையைப் படக்குனு நிறுத்திடாதீங்க. தலைசுத்தல், ஷாக் அடிச்ச மாதிரி உணர்வு, பழைய படபடப்பு எல்லாம் வரிசை கட்டும். டாக்டர் சொல்லித்தான் படிப்படியா குறைக்கணும்.

* கண்ணு மஞ்சளானா, சிறுநீர் அடர் நிறத்துல போனா, உடனே ஆஸ்பத்திரி.

* யார்கிட்ட பேசறதுனே தெரியலையா? டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும். தமிழ்லயே பேசலாம்.

கடைசியா, அம்மாகிட்ட சொன்னதைச் சொல்லணுமே! போன்ல பத்து நிமிஷம் நான் மட்டும்தான் பேசினேன். மறுமுனையில சத்தமே இல்லை. திட்டப் போறாங்கனு காத்துட்டிருந்தா, மெதுவா கேட்டாங்க... 'நானும் பிரஷர் மாத்திரையோட ராத்திரியானா அதைத்தானே கண்ணு குடிக்கிறேன். உங்க டாக்டர்கிட்ட எனக்கும் சேர்த்துக் கேட்டுச் சொல்றியா?'

அடுத்த சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அம்மாவோட பிரஷர் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டு அலமாரியையும் ஒருவாட்டி திறந்து பாருங்களேன். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்கா!